கண்ணாடி ஜாடியில் மிதந்த முட்டை

மதுரை காளவாசல்ல, பைபாஸ் ரோட்டைப் பாத்து நிக்கிற கட்டடத்துல, கீழ ஸ்வீட் ஸ்டாலும் நடுவுல பல் டாக்டரும் மேல எங்க சாஃப்ட்வேர் கம்பெனியுமா இருக்கிற அந்தக் கட்டடத்துல, ஒரு வெள்ளிக்கெழம காலையில, நல்ல நேரம் முடியறதுக்குள்ள சிக்கந்தர் லைவ் பட்டனை அமுக்கப் போயி, அமுக்காம விரலை அந்தரத்துல வச்சுக்கிட்டு யோசிச்சானா, பின்னாடி நின்ன மேனேஜர் கிருபாகரன் சார் "அட போடுய்யா, பாத்துக்கலாம்"னு சொன்னாரா, சொன்ன வாய் மூடல, கீபோர்டுக்கும் மவுசுக்கும் நடுவுல ஒரு முட்டை கெடந்துச்சு.

நாட்டுக்கோழி முட்டை மாதிரி லேசா செவந்த நெறம், தொட்டா வெதுவெதுன்னு இருந்துச்சு. யாரும் அலறல, யாரும் ஓடல. சிக்கந்தர் அதைப் புறங்கையால ஓரமா நகத்தி வச்சிட்டு பட்டனை அமுக்கினான். பக்கத்து சீட்டு ஹரிணி, "நான் சைவம்ப்பா, இனிமே இந்த டேபிள்ல என் டிபன் பாக்ஸை வைக்க மாட்டேன்"னா. கிருபாகரன் சார் சர்வருக்கு முன்னாடி வச்ச எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டு ரூமுக்குள்ள போயிட்டாரு. அவ்வளவுதான் நடந்துச்சு.

நான் மங்கையர்க்கரசி. டெஸ்டிங்ல இருக்கேன். அதாவது இவங்க எழுதுற புரோகிராம்ல ஓட்டை எங்க இருக்குன்னு தேடிக் கண்டுபிடிச்சு, எல்லார்கிட்டயும் கெட்ட பேரு வாங்குறது என் வேலை. புரோகிராம் எங்க கம்ப்யூட்டருக்குள்ள கெடக்குற வரைக்கும் அது வெறும் எழுத்து, அதால ஒரு ஈ எறும்புக்குக் கூட கெடுதல் இல்ல. பட்டனை அமுக்கி வெளிய விட்டுட்டா அது ஊரான் வீட்டு வாசல்ல போயி நிக்கும், அவன் சோத்துல கை வைக்கும், அவன் ஆத்தா உசுருல கை வைக்கும். அதுக்குத்தான் லைவ் போடுறதுன்னு பேரு. அதைப் போடுறதுக்கு கிருபாகரன் சார் காலண்டர்ல ராகுகாலம் பாப்பாரு, எமகண்டம் பாப்பாரு, பூசணிக்காய் ஒடைப்பாரு. பட்டனை அமுக்குற புள்ளையோட முகத்தை மட்டும் பாக்க மாட்டாரு. எனக்கு வாய் நீளம்னு ஆபீஸ்ல சொல்லுவாங்க. சொல்லிக்கட்டும். இதைச் சொல்றதுக்கு இந்த நீளம் பத்தாது.

அதுக்கப்புறம் முட்டை வாரா வாரம் வந்துச்சு. யாராவது லைவ் போடப் போயி விரல் தயங்கி, என்னமோ ஒண்ணு சரியில்லையேன்னு நெஞ்சுல உறுத்தி, அதைச் சொல்ல வாயெடுக்கும்போது பின்னாடி ஒரு குரல் "பாத்துக்கலாம்"னு சொல்லி, இவங்களும் சரிதான்னு அந்தச் சந்தேகத்தை எச்சியோட சேத்து முழுங்கிட்டா, அந்த நிமிசம் முட்டை விழுந்துரும். புதுசா வந்தவங்களுக்கும் வந்துச்சு, தலை நரைச்சவங்களுக்கும் வந்துச்சு. மனுசனுக்கு எது வந்தாலும் பழகிருது பாருங்க, மார்க்கெட்டுல முட்டை அடுக்குற அட்டைத் தட்டை வாங்கிட்டு வந்து காபி மெசினுக்குப் பக்கத்துல வச்சுட்டோம். புரட்டாசி மாசம் மட்டும் ஹரிணி அதுமேல ஒரு துண்டைப் போட்டு மூடுவா.

சிக்கந்தர் ஒரு நாள் தன் முட்டையெல்லாம் வீட்டுக்குக் கொண்டு போனான். அவன் பொண்டாட்டி பொடிமாஸ் பண்ணினா. தின்னுட்டு அண்ணன் மக கல்யாணத்துக்குக் கெளம்பினவங்க, வீட்டைப் பூட்டினோமா இல்லையான்னு பாதி வழியில இருந்து திரும்பித் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பாத்ததுல, மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது பந்தியில எல எடுத்துக்கிட்டு இருந்தாங்களாம். மிச்ச முட்டையை எதிர்த்த டீக்கடை மாரிச்சாமி அண்ணன் கேட்டு வாங்கி ஆஃப்பாயில் போட்டாரு. தின்ன ஆட்டோக்காரர் ஒருத்தர் காளவாசல் சிக்னல்ல பச்சை விழுந்தும் போகலாமா வேணாமான்னு நின்னுட்டாரு, பின்னாடி அரசரடி வரைக்கும் வண்டி நின்னு ஆரன் அடிச்சுக் கெடந்துச்சு, திட்ட வந்த டிராபிக் போலீஸ்காரரும் காலையில அதே கடையில ஆஃப்பாயில் தின்னவரு போல, "ஏண்டா டேய்"னு ஆரம்பிச்சவரு, திட்டுறது சரிதானான்னு நடு ரோட்டுலயே யோசிக்க ஆரம்பிச்சுட்டாரு. மறுநாள் மாரிச்சாமி அண்ணன் கடையில 'இங்கு ஐடி முட்டை உபயோகிப்பதில்லை'ன்னு போர்டு மாட்டிட்டாரு.

இதெல்லாம் சிரிப்பாத்தான் இருந்துச்சு. சென்னை மெயின் ஆபீஸ்ல இருந்து மெயில் வந்தப்பறம் சிரிப்பு நின்னுச்சு. மதுரைக் கெளையில முட்டை ஜாஸ்தியா இருக்கு, இது தன்னம்பிக்கை கொறைச்சலைக் காட்டுது, அதனால ஒரு முட்டை கூடப் போடாம லைவ் போடுறவங்களுக்கு மாசா மாசம் பரிசுன்னு எழுதியிருந்தாங்க. ஏன் முட்டை வருதுன்னு ஒருத்தரும் கேக்கல. முட்டை வரக்கூடாது, அவ்வளவுதான் அவங்களுக்கு. பரிசு, கம்பெனி பேரு போட்ட தண்ணி பாட்டில். முதல் மாசம் சிக்கந்தர்தான் வாங்கினான். எப்படிடான்னு கேட்டேன். "பட்டனை அமுக்கும்போது மனசுக்குள்ள ஒரு குத்துப்பாட்டை ஓட விட்ருவேன்க்கா, யோசனையே வராது"ன்னான். என் புரோகிராமைப் பாத்துச் சொல்லுன்னு யாராவது அவனுக்கு அனுப்பினாலும் தொறந்தே பாக்காம 'அருமை'ன்னு எழுதி அனுப்பிருவான். அவனை மட்டும் சொல்லி என்ன, பாதிப் பேரு அப்படித்தான். யோசிக்கிறதுக்குச் சம்பளம் கொடுத்துக் கூட்டிட்டு வந்து, யோசிக்காம இருக்கிறதுக்குப் பரிசு கொடுக்கிற எடம் வெளங்குமா சொல்லுங்க.

எனக்கு வந்த எரிச்சல்ல ஒரு நாள் மத்தியானம், மோர் கொண்டு வர்ற என் தூக்குவாளியைக் கழுவி, தண்ணி பிடிச்சு, தட்டுல இருந்த முட்டையை ஒவ்வொண்ணா உள்ள விட்டேன். எந்த வீட்டு அடுப்படியிலயும் தெரிஞ்ச விசயந்தான, நல்ல முட்டை முங்கும், கூமுட்டை மிதக்கும். முக்காவாசி மிதந்துச்சு. 'இதெல்லாம் நமக்கு வராது, நாம இந்த வேலைக்கு லாயக்கில்ல, நேத்து வந்த பையன் நம்மளைவிட நல்லா எழுதுறான்'ங்கிற பயத்துல விழுந்த முட்டை அதெல்லாம், உள்ள காத்துதான். ஹரிணியோடது ஒண்ணு மட்டும் போட்ட வேகத்துல அடியில போயி உக்காந்துச்சு. அந்தப் புரோகிராமைப் பிரிச்சுப் பாத்தோம். ஸ்கூல் பஸ் வந்துக்கிட்டிருக்குன்னு பெத்தவங்களுக்குப் போக வேண்டிய மெசேஜ், பஸ் வந்து போனதுக்கு அப்புறம் போற மாதிரி இருந்துச்சு. புள்ளைக ரோட்டுல தனியா நின்னிருக்கும். லைவை நிறுத்திச் சரி பண்ணினோம். அன்னிக்கு ஹரிணி முகத்தைப் பாக்கணுமே, டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு வந்து அந்த டேபிள்லயே வச்சுச் சாப்பிட்டா.

அதுல இருந்து லைவுக்கு முன்னாடி எல்லாரும் என் தூக்குவாளியைத் தேடி வந்தாங்க. மிதந்தா, ச்சே இதுக்குப் போயா பயந்தேன்னு சிரிச்சுக்கிட்டே பட்டனை அமுக்கினாங்க. முங்கினா நிறுத்திட்டுத் தேடினாங்க. சந்தேகத்துல எது நம்ம மேல வர்றது, எது வேலை மேல வர்றதுன்னு தெரியாமத்தான பாதிப் பேரு இந்தத் தொழில்ல நகத்தைக் கடிச்சுக்கிட்டுத் திரியுறாங்க? ஒரு வாளித் தண்ணி அதைப் பிரிச்சுக் காட்டுச்சு. ஆனா முங்கினப்பல்லாம் லைவ் தள்ளிப் போச்சு, தள்ளிப் போனா கஸ்டமர் கத்தினாங்க, கிருபாகரன் சாருக்கு முகம் சுருங்குச்சு. மிதக்குற முட்டையை அவருக்கு ரொம்பப் பிடிக்கும், முங்குற முட்டைதான் ஆகாது. கொஞ்ச நாள்ல, "மங்கை, தூக்குவாளியில எல்லாம் பாத்தா நல்லாவா இருக்கு? இதை மொறையாப் பண்ணுவோம்"னு சொல்லி, ஒரு பெரிய கண்ணாடி ஜாடியை வாங்கித் தன் ரூம்ல, மேசை மேல வச்சாரு. தண்ணியை அவரே ஊத்துவாரு, அவரு முன்னாடிதான் முட்டையைப் போடணும்.

ஜாடி வந்ததுக்கப்புறம் ஒரு முட்டை கூட முங்கல.

எங்களுக்கும் சந்தோசந்தான். நம்ம பயம் பூராம் வெறும் பயம்னு ஆயிட்டா யாருக்குத்தான் கசக்கும்? தேறிட்டோம்டான்னு ஆளாளுக்கு முதுகைத் தட்டிக்கிட்டோம். சென்னையில இருந்து பாராட்டி மெயில் வந்துச்சு. கிருபாகரன் சார் எல்லாருக்கும் கீழ இருந்து ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தாரு.

அந்த நேரத்துலதான் சௌடேஸ்வரி வேலைக்குச் சேந்தா. சின்னாளபட்டிப் புள்ள, வீட்டுல தறி, பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். எங்களுக்கு அவ சௌடி. என்ன சொன்னாலும் கடைசியில "தப்பா இருந்தா சொல்லுங்க"ன்னு ஒட்டிக்கிருவா. "அக்கா, மழை வருது, தப்பா இருந்தா சொல்லுங்க." "சார், நாளைக்கு லீவு வேணும், தப்பா இருந்தா சொல்லுங்க." ஏண்டி, மழை பேயுறதுல என்னடி தப்புன்னு நான் அதட்டினா சிரிப்பா. ஆனா அவ எழுதுற புரோகிராம்ல ஓட்டை தேடிக் கண்டுபிடிக்கிறதுக்கு நான் முக்கித் தவிக்கணும், அப்படி ஒரு வேலைக்காரி. அது அவளுக்கு மட்டுந்தான் தெரியாது.

அவகிட்ட டயாலிசிஸ் வேலையைக் கொடுத்தாரு சார். தென்மாவட்டம் பூராம் டயாலிசிஸ் சென்டர் வச்சிருக்கிற ஒரு கம்பெனி எங்க கஸ்டமர். கிட்னி போனவங்க வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ வந்து, மெசின்ல படுத்து, ரத்தத்தைச் சுத்தம் பண்ணிட்டுப் போகணும். யாருக்கு எந்த நேரம் எந்த மெசின்னு நம்ம புரோகிராம்தான் சொல்லும். ஒரே ஆளு ரெண்டு தடவ பதிஞ்சு மெசின் சும்மா கெடக்குது, அந்த ரெட்டைப் பதிவைத் தூக்குங்கன்னு கஸ்டமர் கேட்டிருந்தாங்க. பேரும் இனிஷியலும் பொறந்த தேதியும் ஒண்ணா இருந்தா அது ஒரே ஆளுதான், ஒண்ணை வச்சுக்கிட்டு மத்ததை அழிச்சிருன்னு கிருபாகரன் சார் சொல்லிட்டாரு. சௌடியும் அப்படியே எழுதிட்டா. சிக்கந்தர் பாக்காமலே 'அருமை'ன்னான். மாதிரிக்கு நாங்களே எழுதி வச்சிருந்த பேருகளை வச்சு நான் டெஸ்ட் பண்ணினேன், சுத்தமா இருந்துச்சு.

முதல்ல திருமங்கலம் சென்டருக்கு மட்டும் லைவ். அன்னிக்குக் காலையில சௌடி பட்டன் முன்னாடி உக்காந்து, விரலைத் தூக்கி, இறக்காம, திரும்பிப் பாத்தா.

"சார், எங்க தெருவுல வயசானவங்க பாதிப் பேருக்கு ஜனவரி ஒண்ணுதான் சார் பொறந்தநாளு. தேதி தெரியலன்னா ஆதார்ல அப்படித்தான் போட்டு விட்ருவாங்க. எங்கப்பாவுக்கும் அதான். ஒரே பேரு, ஒரே இனிஷியல், ஜனவரி ஒண்ணுன்னு நெசமாவே ரெண்டு பேரு இருந்தா, நம்ம புரோகிராம் ஒருத்தரை அழிச்சிரும் சார். தப்பா இருந்தா சொல்லுங்க."

இதைவிடத் தெளிவா ஒரு மனுசி சொல்ல முடியுமா? சொல்லுங்க, முடியுமா? கிருபாகரன் சார் காலண்டரைப் பாத்தாரு, கடிகாரத்தைப் பாத்தாரு.

"நல்ல நேரம் போயிட்டு இருக்கும்மா. அப்படியெல்லாம் லட்சத்துல ஒண்ணு வரும். பாத்துக்கலாம்."

முட்டை விழுந்துச்சு. அவ்வளவு பெரிய முட்டையை நாங்க பாத்ததில்ல, ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டுத்தான் சௌடி சாரோட ரூமுக்குப் போனா. நாங்க எல்லாரும் கதவுகிட்ட நின்னோம். ஜாடியில விட்டா. அந்தக் கனத்த முட்டை ஒரு தடவ உள்ள போயி, மெதுவா மேல வந்து, பாதி முதுகு வெளிய தெரிய மிதந்துச்சு.

"பாத்தியா? உனக்குப் பயம்மா, வேற ஒண்ணுமில்ல"ன்னாரு சார், ரொம்ப அன்பா.

சௌடி அந்த முட்டையையே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் வந்து சீட்டுல உக்காந்து, "எனக்குத்தான் ஒண்ணும் தெரியல போலக்கா"ன்னு சொல்லிட்டு பட்டனை அமுக்கினா.

திங்கக்கெழம காலையில ஹெல்ப்லைன் போன் அடிச்சுச்சு. எடுத்தது நான்தான். பேரையூர்ல இருந்து பால்ச்சாமின்னு ஒருத்தர்.

"ஏங்க, எங்கம்மா இருக்காகளா இல்லையான்னு உங்க கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுங்க."

"அம்மா பேரு என்னங்க?"

"ஆர். பாண்டியம்மா. சனிக்கெழம திருமங்கலத்துக்குக் கூட்டியாந்தேன். பாண்டியம்மா வந்து முடிச்சிட்டுப் போயிட்டாக, உங்களுக்கு நேரம் இல்லைங்குறாக. இந்தா நிக்கிறாகளே எங்கம்மான்னு காட்டுறேன், கம்ப்யூட்டர்ல பேரு இல்லைங்குறாக. பஸ் ஏத்தித் திருப்பிக் கூட்டிட்டுப் போயிட்டேன். நேத்து மூச்சு விட முடியாம காலு மொகமெல்லாம் வீங்கி, இப்ப ஐசியூல கெடக்காக. நான் என்னங்க பண்ணுவேன், எங்கம்மா இருக்காகன்னு நான் யாருகிட்டங்க போயி எழுதி வாங்குவேன்?"

கப்பலூர்ல ஒரு ஆர். பாண்டியம்மா, பேரையூர்ல ஒரு ஆர். பாண்டியம்மா. ரெண்டு பேருக்கும் ஒரே வருசம் ஜனவரி ஒண்ணு. கப்பலூர்க்காரங்களை வச்சுக்கிட்டு பேரையூர்க்காரங்களை அழிச்சிருந்துச்சு நம்ம புரோகிராம். சௌடி சொன்ன மாதிரியே, ஒரு நூலு மாறாம.

ரெண்டு மூணு நாள் இழுத்துக்கிட்டுக் கெடந்து, பேரையூர் பாண்டியம்மா பொழச்சுக்கிட்டாங்க. நான் கும்பிட்ட சாமியெல்லாம் கண்ணைத் தொறந்துச்சுன்னு நினைச்சேன். ஆனா அவங்க பொழச்ச சேதி வந்த நிமிசம் கிருபாகரன் சார் கையைத் தட்டி, "பாத்தீங்களா, ஒண்ணும் ஆகலல்ல? பாத்துக்கிட்டோம்ல?"ன்னாரே, அப்ப வந்துச்சு பாருங்க எனக்கு ஆத்திரம். யாருய்யா பாத்துக்கிட்டது? ஐசியூ வாசல்ல சிமெண்டுத் தரையில உக்காந்திருந்தது பால்ச்சாமி. ஊசி போட்டது எவளோ ஒரு நர்சு. நெஞ்சு வெடிக்க மூச்சு இழுத்தது அந்தம்மா. நீ என்னத்தைய்யா பாத்துக்கிட்ட? செத்திருந்தா விதின்னு சொல்லிருப்ப, பொழச்சதுனால திறமைன்னு சொல்ற.

சௌடி சோறு தண்ணி எறங்காமக் கெடந்தா. மத்தியானம் டிபன் பாக்ஸைத் தொறந்து தொறந்து மூடுவா. உன் சந்தேகம் சரியாத்தானடி இருந்துச்சுன்னு சொன்னேன்.

"இல்லக்கா. சந்தேகம் சரிதான். ஆனா நான் அதை முழுசா நம்பல, அதான் மிதந்துச்சு. என்கிட்டதான்க்கா கோளாறு. எனக்கு எது நெசமான சந்தேகம்னு கூடத் தெரியல. நான் ஊருக்கே போயிர்றேன்க்கா. தப்பா இருந்தா சொல்லுங்க."

சந்தேகம் சரி, ஆனா மிதந்துச்சுன்னு அவ சொன்னது எனக்கு மண்டைக்குள்ள நின்னு போச்சு. மிதந்த முட்டை எப்படி நெசமாகும்? தூக்குவாளியில ஒரு தடவ கூட அப்படி நடந்ததில்லையே. டெஸ்டிங்காரிக்கு இது உறுத்தாம வேற யாருக்கு உறுத்தும்?

அடுத்த வெள்ளிக்கெழம வந்துச்சு. மிச்ச சென்டர் எல்லாத்துக்கும் லைவ்னு சார் சொல்லிட்டாரு. திருமங்கலத்துல ரெண்டு பாண்டியம்மாவையும் கையால பிரிச்சு விட்டாச்சு, மத்த ஊருல அப்படி இருக்காது, கஸ்டமர் நெருக்குறாங்க, பாத்துக்கலாம். அவரு சாமி படத்துக்குச் சூடம் காட்டிக்கிட்டிருந்த நேரம் நான் அவரு ரூமுக்குள்ள போனேன். போன லைவுக்கு ஊத்தின தண்ணி ஜாடியில அப்படியே இருந்துச்சு, கொஞ்சம் வத்தியிருந்துச்சு. வத்தின எடம் பூராம், விளிம்பு வரைக்கும், வெள்ளையாப் பூத்துப் போயிக் கெடந்துச்சு. நகத்தால சொரண்டி நாக்குல வச்சேன்.

உப்பு. கல்லுப்பு. கடல் தண்ணி தோத்துரும். மேசைக்கு அடியில பாத்தா பாக்கெட் பாக்கெட்டா அடுக்கி வச்சிருக்காரு மனுசன். உப்பை அள்ளிப் போட்ட தண்ணியில நல்ல முட்டையும் மிதக்கும், அதுவும் அடுப்படிச் சங்கதிதான். ஜாங்கிரி வாங்கிக் கொடுத்து எங்க எல்லாரையும் கூமுட்டையாக்கி வச்சிருந்திருக்காரு.

ஜாடியை இடுப்புல தூக்கிட்டு வெளிய வந்து நடு டேபிள்ல டொம்முன்னு வச்சேன். "விரலை விட்டு நக்கிப் பாருங்க எல்லாரும்"னு கத்தினேன். கீழ பல் டாக்டரைப் பாக்க வந்தவங்க எல்லாம் படியேறி வந்து எட்டிப் பாத்தாங்க, அவ்வளவு சத்தம். ஹரிணி நக்கினா, சிக்கந்தர் நக்கினான், நக்கிட்டு, பரிசா வாங்கின தண்ணி பாட்டிலைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில போட்டான். சௌடி விரலை நாக்குல வச்சிட்டு அப்படியே நின்னா.

"சத்தம் போடாதீங்க மங்கை"ன்னாரு சார், கையில சூடத் தட்டோட. "உங்க நல்லதுக்குத்தான் பண்ணினேன். பயந்துக்கிட்டே இருந்தா ஒரு புரோகிராமாவது வெளிய போகுமா? எல்லாருக்கும் ஒரு தைரியம் வரட்டும்னுதான். தைரியம் வந்துச்சுல்ல?"

"அது தைரியமா சார்? இந்தப் புள்ள தன் மூளையே தனக்கு எதிரின்னு நினைச்சுக்கிட்டு ஒரு வாரமாப் பட்டினி கெடக்கா. அந்தப் பேரையூர் அம்மா மூச்சுக்குத் தவிச்சிருக்கு. நீங்க உப்பு வாங்கிட்டு வந்தீங்களா, சார்? உப்பு? உங்களைப் பெத்த அம்மாவை அந்த மெசின்ல படுக்க வச்சிருந்தா உப்பு வாங்கப் போயிருப்பீங்களா?"

போன் அடிச்சுச்சு. கஸ்டமர். கிருபாகரன் சார் எடுத்து, "இதோ சார், இந்தா போட்டுட்டோம் சார்"னு சொல்லி வச்சிட்டு எங்களைப் பாத்தாரு. "யாரு போடுறீங்க?"

சிக்கந்தர் கையைக் கட்டிக்கிட்டான். ஹரிணி கையைக் கட்டிக்கிட்டா. சௌடி தலையைக் குனிஞ்சு தன் கையைப் பாத்துக்கிட்டிருந்தா.

"சரி, போங்க. நானே போடுறேன். இது என்ன பெரிய வித்தையா?"ன்னு சௌடியோட சீட்டுல போயி உக்காந்தாரு. அப்பத்தான் எங்களுக்கு ஒறைச்சுச்சு, இத்தனை வருசத்துல அந்த மனுசன் ஒரு தடவ கூட அந்தப் பட்டனை அமுக்கினதில்ல. எப்பவும் யாரோ ஒரு புள்ளையோட முதுகுக்குப் பின்னாடிதான் நிப்பாரு. விரலை நீட்டினாரு. விரல் அந்தரத்துல நின்னுச்சு. நாங்க காத்துக்கிட்டு நின்னோம். அவருக்குப் பின்னாடி நின்னு சொல்றதுக்கு யாரும் இல்ல, அதனால அவரே தனக்குத்தானே மெதுவா, உதடு மட்டும் அசைய, "பாத்துக்கலாம்"னாரு.

கீபோர்டுக்கும் மவுசுக்கும் நடுவுல முட்டை கெடந்துச்சு.

நான் தூக்குவாளியைக் கழுவினேன். குடிக்கிற தண்ணி கேன்ல இருந்து எல்லாரும் பாக்க நல்ல தண்ணி பிடிச்சேன். ஹரிணி ஒரு வாய் குடிச்சுப் பாத்துத் தலையாட்டினா. சௌடி அவரு முட்டையை எடுத்துக்கிட்டு வந்து வாளிக்குள்ள விட்டா.

டொக்குன்னு அடியில போயி உக்காந்துச்சு. அசையக்கூட இல்ல.

அத்தனை நாளும் நான் அந்த ஆளை ஒண்ணும் தெரியாதவருன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். விவரம் பத்தாது, எழுதத் தெரியாது, அதிகாரம் மட்டும் இருக்குன்னு. தெரியாதவனை மன்னிச்சிரலாங்க, தெரியாதவனைத் திட்டிட்டு, கத்திட்டு, மோரைக் குடிச்சிட்டு வேலையைப் பாக்கலாம். அவருக்குத் தெரிஞ்சிருக்கு. சௌடி ஜனவரி ஒண்ணுன்னு சொன்ன அன்னிக்கே தெரிஞ்சிருக்கு. ரெண்டு பாண்டியம்மா இருப்பாங்க, ஊருக்கு ரெண்டு பேரு இருப்பாங்கன்னு நல்லாத் தெரிஞ்சுதான் அந்தப் புள்ள விரலைப் பிடிச்சு அமுக்க வச்சிருக்காரு. தெரிஞ்சதுனாலதான் தன் விரலை எடுத்து அந்தப் பட்டன்ல வைக்கவே இல்ல.

அவரு வாளிக்குள்ள பாத்தாரு. எங்களைப் பாத்தாரு. விரலை மட்டும் இன்னும் பட்டனுக்கு மேலயே வச்சிருந்தாரு. போன் மறுபடியும் அடிக்க ஆரம்பிச்சுச்சு.

சௌடி அவரு பக்கத்துல போயி நின்னா. ஈரக்கையைச் சுடிதார்ல தொடச்சுக்கிட்டா.

"சார், எந்திரிங்க. இது போகாது. நான் முதல்ல இருந்து எழுதணும்."

நாங்க எல்லாரும் அவ கடைசியில ஒட்டுற அந்த வார்த்தைக்காகக் காத்துக்கிட்டு நின்னோம். அவ சொல்லல. போன் அடிச்சு அடிச்சு நின்னுச்சு, அதுக்கப்புறமும் சொல்லல.

அவரு எந்திரிச்சாரு.